பேப்பரில் வருவது நிழலின் சூடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் உங்கள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வந்துவிடும், இன்று இத்தனை ஊர்களில் வெயில் சதமடித்தது என்று. எங்கள் வேலூர் அந்தப் பட்டியலில் இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டீக்கடையில் அதை வாசித்துவிட்டு, என்னமோ நம்ம ஊர் பையன் கிரிக்கெட்டில் செஞ்சுரி போட்ட மாதிரி பேசிக்கொள்கிறோம். சரி, அதில் தப்பில்லை. ஆனால் அந்த நம்பர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்கிற ஆள் நான். அந்தச் சொல்லாமல் விட்ட பாதியோடுதான் கோடை முழுக்க மல்லுக்கட்டுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

சதம் என்றால் 100 டிகிரி பாரன்ஹீட், செல்சியஸில் 37.8. வானிலை நிலையத்தில் இதை அளக்கும் தெர்மாமீட்டர் வெயிலில் கிடக்காது. சுமார் நாலடி உயரத்தில், காற்று போய்வர சாய்வுப் பலகைகள் வைத்த ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் 19-ம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி அது. அதை வெள்ளையாக வைத்திருப்பதே வெயில் தெர்மாமீட்டரைச் சுடக்கூடாது என்பதற்காகத்தான். அதாவது பேப்பரில் வருவது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. நாம் அனுபவிப்பதில் அது பாதிதான். மீதிப் பாதி நேராக நம் மேலும், நம் மொட்டை மாடி மேலும் கதிராக வந்து விழுகிறது, அதற்கு எந்தப் பெட்டிச் செய்தியும் கிடையாது.

போன மே மாதம், கத்திரி வெயில் நேரத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு வயதான தம்பதி என்னைக் கூப்பிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணி. "ஏசி ஓடுது தம்பி, ஆனா புழுங்குது, ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க, நீயாவது கேஸ் போட்டுட்டுப் போ" என்றார் அந்த அம்மா. கேஸ் பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்ப்ஸ் பார்த்தேன், அதுவும் சரி. உள்யூனிட்டின் வாயில் வருகிற காற்று 13 டிகிரி. இதற்கு மேல் ஒரு ஏசி என்னதான் செய்யும்? அப்புறம்தான் கொரோனா காலத்தில் கடைவாசலில் நம் நெற்றியில் காட்டினார்களே, அதே வகையில் தொழிலுக்கென்று வருகிற தெர்மாமீட்டர் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து, சும்மா சீலிங் பக்கம் காட்டினேன். 41 டிகிரி. சூரியன் போய் ரெண்டரை மணி நேரம் ஆகிவிட்டது, ஏசியின் டிஸ்பிளே 24 காட்டுகிறது, தலைக்கு மேல் 41 டிகிரியில் ஒரு கான்கிரீட் தோசைக்கல் தொங்குகிறது.

ஏசி காற்றைத்தான் குளிர வைக்கும். மனித உடம்பின் மேல்தோல் சுமார் 33, 34 டிகிரியில் இருக்கும். சுற்றியிருக்கும் சுவர் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பு தன் சூட்டைக் கதிராக அதற்கு அனுப்பி இளைப்பாறும். சுவரும் கூரையும் உடம்பைவிடச் சூடாக இருந்தால் கதை திரும்பிவிடும், அவை நம்மைச் சுடும். காற்று 24-ல் இருந்தாலும் சரி. அந்த அம்மாவுக்குப் புழுங்கியது பொய்யில்லை, ஏசியில் கோளாறும் இல்லை.

இந்தச் சூட்டுக்குக் கதிர்வீச்சு என்று பெயர் சொன்னால் ஜனங்கள் பயந்துபோகிறார்கள். கதிர்வீச்சு என்றாலே கூடங்குளமும் செல்போன் டவரும்தான் ஞாபகம் வருகிறது. அந்த அம்மாவும் "ஐயோ, கதிர்வீச்சா" என்று ஒரு அடி பின்னால் போனார். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். போகி அன்று விடிகாலையில் பழைய பாயைக் கொளுத்திவிட்டு முன்னால் நின்றிருப்பீர்கள். முகம் சுடும், முதுகு குளிரும். சுற்றிலும் ஒரே காற்றுதான், ஆனாலும் அப்படி. நடுவில் யாராவது வந்து நின்றால் அந்த நொடியே முகத்தில் சூடு நின்றுவிடும், நகர்ந்தால் அந்த நொடியே திரும்ப அடிக்கும். காற்று வழியாக வருகிற சூடாக இருந்தால் இப்படிச் சட்டென்று நிற்காது. ஒளி மாதிரியே நேர்கோட்டில், ஒளியின் வேகத்திலேயே வருகிற ஒன்று அது. சூரியனிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி 8 நிமிஷம் 20 நொடியில் நம் மாடிக்கு வந்துசேர்வதும் அதேதான். அதில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவி ரிமோட்டின் முனையிலிருந்து வருவதும் அகச்சிவப்புதான். ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் அதை செல்போன் கேமராவுக்கு முன்னால் வைத்து பட்டனை அமுக்குவோம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் மினுக்கும். சில போன்களில் பின் கேமரா காட்டாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

என் துப்பாக்கியும் அகச்சிவப்பை வாங்கித்தான் டிகிரி சொல்கிறது. பளபளப்பான தாமிரக் குழாயிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ காட்டினால் அது பொய் சொல்லும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே விடாமல் பக்கத்தில் இருப்பதைப் பிரதிபலித்துக் காட்டும். குழாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டினால் உண்மை வரும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, கீழே தகரக் கொட்டகை பற்றிச் சொல்லும்போது உதவும்.

மறுநாள் மதியம் ரெண்டு மணிக்கு அந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போய் அளந்தேன். காற்று 41, சிமென்ட் தரை 61. செருப்பைக் கழற்றினால் கால் வெந்துவிடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட் வந்து விழுகிறது. பத்துக்குப் பத்து அறைக்கு மேல் இருக்கும் கூரை 9.3 சதுர மீட்டர், ஆக 9 கிலோவாட்டுக்கு மேல். நாம் வாங்கி மாட்டுகிற ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய சூடு சுமார் 3.5 கிலோவாட்தான். (டன் என்பது ஏசியின் எடை இல்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்தக் கணக்கு.) ஒரு சின்ன அறையின் கூரை மேலேயே ரெண்டரை ஏசிக்கான சூடு கொட்டுகிறது. அத்தனையும் உள்ளே வராதுதான், ஆனால் கான்கிரீட் பகல் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கடத்தி, நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே இறக்கும்.

நான் சொன்ன வைத்தியம் சுண்ணாம்பு. பத்து கிலோ சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றி, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பெவிகால் கலந்து, தரையைப் பெருக்கிக் கழுவிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் ரெண்டு கோட். அந்த ஐயா நம்பவில்லை, பாதி மாடிக்குத்தான் அடிக்கச் சொன்னார். அதுவே நல்லதாகப் போயிற்று. ரெண்டு நாள் கழித்து அதே மதியம் ரெண்டு மணிக்கு அடிக்காத பாதி 60, அடித்த பாதி 44. அவரே வெறுங்காலோடு கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. மீதியும் அடித்து ஒரு வாரம் ஆனபின் ராத்திரி ஒன்பது மணிக்கு சீலிங் 35. எனக்கு சர்வீஸ் சார்ஜ் போச்சு, அது வேறு விஷயம்.

நடந்தது இதுதான்: சிமென்ட் தரை, வருகிற வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புதுச் சுண்ணாம்பு நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தன் சொந்தச் சூட்டை அகச்சிவப்பாக வெளியே விடுவதில் வெள்ளையும் கறுப்புக்கு இளைத்ததில்லை. வாங்குவது குறைவு, விடுவது அதிகம். பளபள தகரத்தில் இது தலைகீழ். "தகரம் கண்ணாடி மாதிரி மின்னுதே, அதுவே வெயிலைத் திருப்பிடாதா" என்று கொட்டகை போட்டவர்கள் கேட்பார்கள். ஓரளவு திருப்பும், ஆனால் வாங்கியதை வெளியே விடத் தெரியாது, டேப் ஒட்டாத குழாய் மாதிரி. அதனால்தான் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடிவதில்லை. அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தால் நன்றாகவே குறையும்.

சுண்ணாம்பில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், மாசி பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். தூசி படிந்தால் வேலை குறையும். பக்கத்து வீட்டு உயரமான மாடிக்காரருக்குக் கண் கூசும், சண்டைக்கு வருவார். நாலைந்து வருஷம் தாங்குகிற வெள்ளை பெயிண்ட் கடையில் இருக்கிறது, விலை பல மடங்கு. வசதி இருந்தால் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதியுங்கள், நம் தாத்தாக்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு அதன் மேல் தட்டோடு பதித்ததெல்லாம் மழை ஒழுகாமல் இருக்க மட்டும் இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு வெள்ளை பெயிண்ட் செய்தார்கள், பேரியம் சல்பேட் கலந்தது. நம் கடைக்கு அது வரும்போது வரட்டும், அதுவரை சுண்ணாம்புக்கு என்ன குறைச்சல்?

ராத்திரிக் கதை இன்னும் ருசியானது. மார்கழியில் காலையில் வண்டி எடுக்கப் போனால், வெட்டவெளியில் நின்ற பைக் சீட் பனியில் நனைந்திருக்கும், ஷீட்டுக்கு அடியில் நின்ற பைக் காய்ந்திருக்கும். பனி மேலிருந்து மழை மாதிரி விழுவதாக நினைக்கிறோம். விழுவதில்லை. வெட்டவெளியில் நிற்கும் சீட் தன் சூட்டை ராத்திரி முழுக்க வானத்துக்குக் கதிராக அனுப்பி, சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துபோகிறது, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. ஷீட்டுக்கு அடியில் இருப்பதற்கு வானம் தெரியாது, அதனால் குளிர்வதும் இல்லை. இதை வைத்து ஐஸே எடுத்திருக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் அலகாபாத்தில், தரையில் பள்ளம் வெட்டி, வைக்கோல் மாதிரி காய்ந்த தட்டைகளைப் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்தால் தெளிவான குளிர்கால ராத்திரியில் ஐஸ் பிடித்துவிடும், விடியுமுன் வாரிக்கொள்வார்கள். ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, கரண்ட் இல்லை! 2014-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நட்டநடு வெயிலிலேயே காற்றைவிட 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து நிற்கிற ஒரு தகட்டைச் செய்து காட்டினார்கள், அடிப்படை அதே வானம்தான்.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. இப்போது கட்டுகிற வீடுகளில் மேற்குப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி வைக்கிறார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான சோபாவும் தரையும் திருப்பி அனுப்பும் அகச்சிவப்பை வெளியே விடாது, அவை சூடாக்கிய காற்றையும் வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காரில் அரை மணி நேரத்தில் 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடுவது இதனால்தான், குழந்தையை ரெண்டு நிமிஷம் என்று உள்ளே விட்டுப் போகாதீர்கள். திரைச்சீலையை உள்பக்கம் போட்டுவிட்டு ஏசி குளிரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது, வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டுங்கள் என்பதுதான். உள்ளே வந்துவிட்ட கதிரைத் திரை போட்டு என்ன பிரயோஜனம்.

இதெல்லாம் வெயிலை விரட்டுகிற பேச்சு. வெயிலை வைத்து வேலை வாங்குவதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் உடனே சோலார் பேனல் என்கிறார்கள். 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் மாட்டிவிட்டார்கள். நல்லதுதான். பேனல் நிழலில் இருக்கிற கூரை அவ்வளவாகச் சூடாவதில்லை என்பது கூடுதல் லாபம். ஆனால் வெயில் சுட்டெரித்தால் கரண்ட் கூடுதலாக வரும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். எங்கள் ஊர் மே மாதத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. அடியில் காற்றோட்டம் விட்டு உயர்த்தி மாட்டுங்கள்.

என் மனக்குறை வேறு. சூடே தேவைப்படுகிற இடத்தில் எதற்கு வெயிலை ஒருமுறை கரண்டாக்கி, அந்தக் கரண்டை மறுபடி சூடாக்க வேண்டும்? 100 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3.7 யூனிட் வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாள் முழுக்கக் காய்ந்து தருவதே சுமார் 4 யூனிட், அதற்குக் கிட்டத்தட்ட 100 சதுர அடி இடம் பிடிக்கும். அதே வேலையை சோலார் வாட்டர் ஹீட்டர் 20 சதுர அடியில் செய்துவிடும், ஏனென்றால் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்குகிறது, ஹீட்டர் பாதியைச் சூடாகவே பிடித்துக்கொள்கிறது. வேலூரில் வெந்நீர் யாருக்கு வேண்டும், கறுப்பு டேங்க் வைத்தவன் வீட்டில் மே மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தானே என்று கேலி செய்வீர்கள். ஏலகிரியில் லாட்ஜ் நடத்துகிறவரிடமும், ஆஸ்பத்திரி நடத்துகிறவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது, வெயிலைக் குவித்து நீராவி எடுத்துச் சமைப்பதற்கென்றே 1990-களில் கட்டியது.

என் மாமியார் வீடு காங்கேயம் பக்கம். கொப்பரைக் களத்தில் தேங்காயைத் தரையில் காயப்போட்டு, மழை மேகம் கண்டால் வாரிக்கொண்டு ஓடி, தூசியும் பூஞ்சையும் பொறுக்கி எறிந்து பழகிய ஊர். மச்சான் ஒருவர் பாலிதீன் கூடாரம் போட்ட சோலார் உலர்த்திக்கு மாறினார், வேளாண் பொறியியல் துறை மானியத்தில். காரில் நடக்கும் அதே சங்கதிதான், கதிரை உள்ளே விட்டு சூட்டைப் பிடித்து வைப்பது, ஆனால் இங்கே அது பிழைப்புக்கு உதவுகிறது. களத்தில் ஆறு நாள் ஆனது கூடாரத்தில் மூன்று நாளில் காய்கிறது, வெள்ளை வெளேரென்று வருகிறது, விலையும் கூடுதலாகப் போகிறது. தூத்துக்குடி உப்பளக்காரர்கள் எந்தக் கூடாரமும் இல்லாமலே கடலையே வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். நம் வீட்டு மாடியில் வடகமும் மோர் மிளகாயும் மட்டும் ஏனோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, பாக்கெட்டில் வாங்கிக்கொள்கிறோம்.

நிர்வாகம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2013-லேயே அகமதாபாத் மாநகராட்சி வெப்ப அலைக்கென்று செயல்திட்டம் போட்டது, பின்னாளில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நம் அரசு 2024-ல் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. செத்தபின் நாலு லட்சம் தருவதைவிட, இருக்கும்போது ரேஷன் கடையில் ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு டப்பா பசையும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. ஷீட் போட்ட பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் முதலில் அடிக்கலாம்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். சதமடித்த ஊர்கள் பட்டியலுக்குக் கீழே, கோடை முழுக்க, இன்னும் ரெண்டு நம்பர் போடுங்கள்: அன்றைக்கு மதியம் சிமென்ட் மொட்டை மாடி எத்தனை டிகிரி, சுண்ணாம்பு அடித்த மாடி எத்தனை டிகிரி. வேலூர் நம்பரை நான் அனுப்புகிறேன். மதியம் ரெண்டு மணிக்கு எப்படியும் ஏதாவது ஒரு மாடியில் அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன், அளந்து அனுப்புவதில் எனக்கொன்றும் சிரமமில்லை.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்,
வேலூர்.